யூரோவிஷன் மேடைக்கு யாரை அனுப்புவது: தேர்வுக் குழுவில் அமர்வோருக்கு ஒரு வழிகாட்டி

யூரோவிஷன் பாடல் போட்டியில் ஒரு நாட்டின் பெயரால் மேடையேறுபவரை அந்த நாட்டின் அரசு தேர்ந்தெடுப்பதில்லை. ஐரோப்பிய ஒளிபரப்பு ஒன்றியத்தில் உறுப்பினராக உள்ள தொலைக்காட்சி நிறுவனமே தேர்ந்தெடுக்கிறது. எந்த முறையில் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதை ஒன்றியம் பெரும்பாலும் அந்த நிறுவனத்தின் விருப்பத்துக்கே விட்டுவிடுகிறது. மூடிய அறையில் நான்கு பேர் கூடிப் பேசி முடிவெடுக்கலாம். நாடு முழுவதையும் வாக்களிக்கச் சொல்லி ஆறு வாரம் திருவிழா நடத்தலாம். இரண்டு வழியிலும் வென்றவர்கள் இருக்கிறார்கள், இரண்டு வழியிலும் ஒரு புள்ளிகூடப் பெறாமல் திரும்பியவர்களும் இருக்கிறார்கள். ஆகவே எந்த முறை சிறந்தது என்ற கேள்வியோடு தொடங்குவதைவிட, அந்த மேடை எப்படிப்பட்ட ஆளைக் கேட்கிறது என்ற கேள்வியோடு தொடங்குவதே நல்லது.

காலக்கெடுவை முதலில் மனத்தில் கொள்ளுங்கள். போட்டி மே மாதம் நடக்கிறது. பாடல் பொதுவாக முந்தைய ஆண்டு செப்டம்பர் 1ஆம் தேதிக்கு முன் வணிக முறையில் வெளியாகியிருக்கக் கூடாது. மார்ச் நடுப்பகுதிக்குள் பாடல், கலைஞரின் பெயர், மேடை அமைப்பு பற்றிய திட்டம் ஆகிய அனைத்தையும் ஒப்படைத்தாக வேண்டும். ஆறு மாதம் என்பது கேட்பதற்கு நீண்ட காலம்போல் தோன்றும். பாட்டு எழுதி, பதிவு செய்து, நடன அமைப்பாளரையும் ஒளி அமைப்பாளரையும் பிடித்து, ஒரு முழு ஒத்திகை பார்ப்பதற்குள் அது கரைந்துவிடும். ஜனவரியில் ஆள் தேடத் தொடங்கும் நிறுவனம், கிடைத்தவரை அனுப்பும் நிலைக்கு வந்துவிடுகிறது.

புள்ளிக் கணக்கைப் படித்துவிட்டு ஆளைத் தேடுங்கள்

தேர்வுக் குழுக்கள் செய்யும் பெரும் பிழை, “நம் நாட்டின் மிகச் சிறந்த பாடகர் யார்?” என்று கேட்பதுதான். நியாயமான கேள்விதான், ஆனால் போட்டியின் புள்ளிக் கணக்கு அதைக் கேட்கவில்லை.

இறுதிச் சுற்றில் சுமார் 26 பாடல்கள் ஒலிக்கின்றன. ஒவ்வொரு நாட்டின் நடுவர் குழுவும் தனக்குப் பிடித்த பத்துப் பாடல்களுக்கு 12, 10, பிறகு 8 முதல் 1 வரை எனப் புள்ளி தருகிறது. அதே நாட்டின் மக்கள் வாக்கு தனியாக இன்னொரு பத்துப் பாடல்களுக்கு அதே அளவில் புள்ளி தருகிறது. 2016 முதல் இந்த இரண்டு கணக்குகளும் தனித்தனியே அறிவிக்கப்படுகின்றன. இதன் பொருளைச் சற்று நின்று யோசிக்க வேண்டும். ஐரோப்பா முழுவதும் ஒவ்வொரு வீட்டிலும் “பரவாயில்லை, நன்றாகத்தான் பாடுகிறார்” என்று பாராட்டப்பட்டு, ஒவ்வொரு நாட்டிலும் பதினோராவது இடத்தைப் பிடிக்கும் ஒருவருக்குக் கிடைப்பது பூஜ்யம். பத்து நாடுகளில் முதலிடமும் மீதி நாடுகளில் கடைசி இடமும் பெறுபவருக்கு 120 புள்ளிகள். வாக்களிப்பவர் எவரும் ஒரு பாடலுக்கு எதிராக வாக்களிக்க முடியாது. பிடித்ததற்கு மட்டுமே வாக்களிக்க முடியும்.

2025இல் பாசெல் நகரில் நடந்த இறுதிச் சுற்று இதற்குச் சரியான சான்று. போட்டியை நடத்திய சுவிட்சர்லாந்தின் சார்பில் பாடிய சோயி மே நடுவர்களிடம் 214 புள்ளிகளைப் பெற்றார். மக்கள் வாக்கில் அவர் பெற்றது பூஜ்யம். பிரெஞ்சு மொழியில் மென்மையாக, நேர்த்தியாகப் பாடிய அவரை வெறுத்தவர்கள் அநேகமாக யாரும் இருந்திருக்க மாட்டார்கள். எந்த நாட்டு மக்களின் பட்டியலிலும் அவரால் முதல் பத்துக்குள் வர முடியவில்லை, அவ்வளவுதான். 2021இல் பிரிட்டனின் ஜேம்ஸ் நியூமனுக்கு இரு கணக்கிலும் பூஜ்யமே கிடைத்தது.

எதிர்த்திசையில் பார்த்தால் 2023இல் பின்லாந்தின் காரியா இருக்கிறார். பச்சை நிறத்தில் பளபளக்கும், கைப்பகுதி மட்டும் உப்பிய சட்டை. பின்னிஷ் மொழியில் பாதி கத்தல், பாதி பாட்டு. மக்கள் வாக்கில் 376 புள்ளிகளுடன் அவரே முதலிடம். நடுவர்களிடம் 150 மட்டுமே கிடைத்ததால் மொத்தக் கணக்கில் சுவீடனின் லோரீனிடம் 583க்கு 526 என்று தோற்றார். லோரீனுக்கு நடுவர்கள் கொடுத்தது 340. எனவே மக்களை மட்டும் மயக்கும் ஆளும் போதாது, நடுவர்களை மட்டும் தலையசைக்க வைக்கும் ஆளும் போதாது. 2016இல் உக்ரைனின் ஜமாலா இரு கணக்கிலும் இரண்டாமிடமே பெற்றார். கூட்டிப் பார்த்தபோது வெற்றி அவருடையதானது.

ஆகவே குழுவின் முன் வைக்க வேண்டிய கேள்வி இது: இந்தக் கலைஞரை முன்பின் அறியாத ஒருவர், அவருடைய மொழி தெரியாமல், ஒரே ஒரு முறை கேட்டுவிட்டு, கைபேசியை எடுத்துக் காசு செலவழித்து வாக்களிப்பாரா? உள்ளூர்ப் புகழ் இந்தக் கேள்விக்கு விடையாகாது. உங்கள் நாட்டில் இருபது ஆண்டுகளாகக் கொடிகட்டிப் பறக்கும் பாடகர், மற்ற நாடுகளின் பார்வையாளருக்கு யாரோ ஒருவர். 2023 முதல் போட்டியில் பங்கேற்காத நாடுகளில் இருப்போரும் இணையவழி வாக்களிக்கலாம். அவர்கள் வாக்குகள் அனைத்தும் சேர்ந்து ஒரு நாட்டின் வாக்காகக் கணக்கிடப்படுகின்றன. சென்னையில் விடியற்காலை விழித்திருந்து பார்க்கும் ஒருவரும் இப்போது உங்கள் வாக்காளர்தான்; அவருக்கு உங்கள் உள்ளூர் நட்சத்திரத்தின் கதை எதுவும் தெரியாது.

எந்த முறையில் தேர்ந்தெடுப்பது

வழக்கிலுள்ள முறைகளை மூன்றாகப் பிரிக்கலாம் என்றாலும் நடைமுறையில் அவை ஒன்றோடொன்று கலந்தே கிடக்கின்றன.

முதலாவது, பொதுமக்கள் முன் நடக்கும் தேசியப் போட்டி. சுவீடனின் மெலடிஃபெஸ்டிவாலன் இதன் உச்சம். வாரக்கணக்கில் ஊர் ஊராகச் சென்று அரையிறுதிகள் நடத்தி, இறுதிச் சுற்றில் மக்கள் வாக்கோடு பிற நாட்டு நடுவர் குழுக்களின் மதிப்பெண்ணையும் சேர்க்கிறார்கள். செயலி வழியே வரும் வாக்குகளை வயதுப் பிரிவு வாரியாகப் பிரித்தெண்ணுகிறார்கள். இளையோர் கூட்டமாகக் கூடி ஒருவரைத் தூக்கிவிட முடியாது. 1974இல் அப்பா (ABBA) இசைக்குழு இந்த வழியாகத்தான் அந்த ஆண்டு யூரோவிஷன் நடந்த பிரைட்டனுக்குப் போனது. இத்தாலியின் சான்ரெமோ விழா 1951இல் தொடங்கியது, யூரோவிஷனுக்கே முன்மாதிரி. அங்கே வெல்வதே இத்தாலியக் கலைஞருக்குப் பெரும்பேறு. யூரோவிஷன் வாய்ப்பு அதன் கூடவே வரும் இலவச இணைப்பு. 2021இல் மோனெஸ்கின் குழு இரண்டையும் வென்றது.

இவற்றைப் பார்த்து மயங்கி, “நாமும் ஒரு விழா நடத்துவோம்” என்று கிளம்புவது எளிது. சுவீடனில் வேலை செய்வது அரங்கும் வாணவேடிக்கையும் மட்டுமல்ல. தோற்றாலும் அடுத்த ஆண்டும் பங்கேற்க முன்னணிக் கலைஞர்கள் வரிசையில் நிற்கும் நிலையை அந்த விழா பல பத்தாண்டுகளாகக் கட்டியெழுப்பியிருக்கிறது. அந்த மரியாதை இல்லாத விழாவுக்கு, தோற்றால் இழப்பதற்கு ஒன்றும் இல்லாதவர்கள் மட்டுமே வருவார்கள். பிறகு மக்களின் வாக்குச் சுதந்திரம் என்பது சுமாரான எட்டுப் பேரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரமாகச் சுருங்கிவிடும்.

இரண்டாவது, நிறுவனமே நேரடியாக ஆளைத் தேர்ந்தெடுப்பது. ஆஸ்திரேலியா 2015இல் முதன்முறை அழைக்கப்பட்டபோது, மலேசியாவின் கிள்ளானில் பிறந்த கை செபாஸ்டியனை இப்படித்தான் அனுப்பியது, ஐந்தாமிடம் கிடைத்தது. மறு ஆண்டு டாமி இம் நடுவர் கணக்கில் முதலிடமும் மொத்தத்தில் இரண்டாமிடமும் பெற்றார். நெதர்லாந்தின் டங்கன் லாரன்ஸ் 2019இலும், ஆஸ்திரியாவின் கொன்சிட்டா வூர்ஸ்ட் 2014இலும் நேரடித் தேர்வில் சென்று வென்றவர்கள். பிரிட்டன் 2022இல் ஓர் இசை மேலாண்மை நிறுவனத்தின் துணையோடு, இணையக் காணொளிகளால் அறியப்பட்டிருந்த சாம் ரைடரைத் தேர்ந்தெடுத்தது. முந்தைய ஆண்டு பூஜ்யம் வாங்கிய நாடு 466 புள்ளிகளுடன் இரண்டாமிடத்துக்கு வந்தது. அதே நிறுவனத்தின் துணையோடு அதே வழியில் 2023இல் சென்றவர் 26 பேரில் 25ஆவதாக வந்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மூன்றாவது வழி எனக்கு மிகவும் நியாயமாகப் படுகிறது. விழா மரபு இல்லாத நாடுகள் இதைத்தான் முதலில் பரிசீலிக்க வேண்டும். சுவிட்சர்லாந்து 2015 முதல் 2018 வரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து அரையிறுதியைத் தாண்டவில்லை. அதன் பிறகு மேடைத் திருவிழாவை நிறுத்திவிட்டு, தொலைக்காட்சியில் காட்டப்படாத ஒரு தேர்வு முறையைக் கொண்டுவந்தார்கள். நாட்டில் வசிக்கும் 100 பார்வையாளர்கள் கொண்ட ஒரு குழு. பிற நாடுகளில் யூரோவிஷன் நடுவர்களாக இருந்த அனுபவசாலிகள் கொண்ட மற்றொரு குழு. இரண்டுக்கும் சம எடை. அதாவது மே மாதத்தில் சந்திக்கப்போகும் இரு வகை நீதிபதிகளையும் சிறிய அளவில் முன்கூட்டியே அறைக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். 2019இல் லூக்கா ஹென்னி நான்காமிடம். 2021இல் ஜோன் முஹர்ரெமாய் மூன்றாமிடம். இடையில் இரண்டு ஆண்டுகள் சறுக்கல். 2024இல் மால்மோவில் நேமோ 591 புள்ளிகளுடன் வெற்றி. 1988இல் செலின் டியோன் பெற்றுத் தந்த வெற்றிக்குப் பின் 36 ஆண்டுகள் கழித்து வந்த வெற்றி அது. மேலே சொன்ன சோயி மேயின் பூஜ்யமும் இதே முறையின் விளைவுதான். முறை வாய்ப்பைக் கூட்டுமே தவிர, விடையை எழுதித் தராது.

மக்கள் வாக்கையும் நடுவர் தீர்ப்பையும் கலக்கும்போது, இரண்டும் முரண்பட்டால் என்ன செய்வது என்பதை முன்கூட்டியே எழுதி வெளியிட்டுவிட வேண்டும். ஸ்பெயின் 2022இல் பெனிடார்ம் விழா என்ற தேசியத் தேர்வுப் போட்டியைத் தொடங்கியபோது, தொலைபேசி வாக்கில் பெரும் முன்னிலை பெற்ற கலீசியப் பெண்கள் மூவர் குழு இறுதிக் கணக்கில் மூன்றாமிடத்துக்குப் போனது. நடுவர்களின் ஆதரவால் சனெல் என்ற நடனப் பாடகி வென்றார். ஊரே கொதித்தது, நாடாளுமன்றம்வரை கேள்வி போனது, அந்தப் பெண்மீது இணையத்தில் வசைமாரி பொழிந்தது. மே மாதம் அவர் 459 புள்ளிகளுடன் மூன்றாமிடம் பெற்றுத் திரும்பியபோது, 1995க்குப் பின் ஸ்பெயினுக்குக் கிடைத்த மிக உயர்ந்த இடம் அது. நடுவர்கள் கணித்தது சரியாகவே இருந்தது. ஆனால் அந்த மூன்று மாதம் கலைஞரைக் காப்பதற்கு நிறுவனம் என்ன செய்தது என்ற கேள்வியை ஒவ்வொரு தேர்வுக் குழுவும் தனக்குள் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பாட்டா, பாடகரா

பெயரில் இது பாடல் போட்டி. பாடகரை முடிவு செய்துவிட்டு அவருக்குப் பாட்டுத் தேடும் நிறுவனங்களே அதிகம். அதில் ஓர் ஆபத்து இருக்கிறது. தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிகளில் வென்று வருபவர், பிறர் பாடிப் புகழ்பெற்ற பாடல்களைத் தன் குரலில் அற்புதமாகப் பாடிக் காட்டியவர். தனக்கென்று ஒரு பாட்டு, அதில் தனக்கென்று ஒரு முகம் என்பது அவரிடம் இன்னும் உருவாகாமல் இருக்கலாம். அவருக்கு நான்கு பேர் கொண்ட எழுத்துக் குழு ஒன்று அவசரமாக ஒரு பாட்டைத் தைத்துக் கொடுக்கும். அளவு சரியாக இருக்கும், ஆனால் இரவல் சட்டை என்பது பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

போர்ச்சுகல் இதைத் தலைகீழாகச் செய்கிறது. அதன் தேசிய விழாவுக்கு இசையமைப்பாளர்களை அழைக்கிறார்கள். யாரைப் பாட வைப்பது என்பதை அவர்கள் முடிவு செய்கிறார்கள். 1964 முதல் பங்கேற்று ஒரு முறைகூட வெல்லாதிருந்த நாடு அது. 2017இல் லூயிசா சோப்ரால் என்ற இசைக்கலைஞர் தான் எழுதிய பாட்டைத் தம்பி சல்வடோரிடம் கொடுத்தார். நடனம் இல்லை, தீப்பிழம்பு இல்லை, ஆங்கிலமும் இல்லை. கூட்டத்தின் நடுவே ஒரு சிறு மேடையில் நின்று அவர் தாய்மொழியில் பாடினார். 758 புள்ளிகள், நடுவர், மக்கள் இரு கணக்கிலும் முதலிடம்.

மொழி பற்றிய தயக்கத்தையும் இந்த இடத்திலேயே விட்டுவிடலாம். 1999 முதல் எந்த மொழியிலும் பாடலாம் என்ற விதி இருக்கிறது. போர்ச்சுகீசியம், இத்தாலியம், உக்ரேனியம் ஆகிய மொழிப் பாடல்கள் அதற்குப் பின் வென்றிருக்கின்றன. கலைஞர் எந்த மொழியில் கனவு காண்கிறாரோ அந்த மொழியில் பாடுவதே நல்லது. கற்றுக்கொண்ட உச்சரிப்போடு பாடும் ஆங்கிலத்தை ஆங்கிலம் பேசுவோரே முதலில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

நடைமுறையில் நான் பரிந்துரைப்பது இது: பாட்டையும் ஆளையும் ஒரே விண்ணப்பமாகக் கேளுங்கள். பாட்டு நன்றாக இருந்து ஆள் பொருந்தவில்லை என்றால் அதே பாட்டை வேறு இருவரைப் பாடவைத்துக் கேளுங்கள். ஒரு குரலின் உச்சத்துக்கு ஏற்றபடி எழுதிய பாட்டை இன்னொரு குரலுக்குச் சுருதி மாற்றிக் கொடுக்கும்போது பல்லவியின் கூர்மை மழுங்கிப்போவதுண்டு. அதைக் காதால் கேட்டே முடிவு செய்ய வேண்டும், தாளில் பார்த்து அல்ல.

குரலைச் சோதிக்கும் விதம்

தேர்வுக் குழுக்கள் மிகவும் அலட்சியமாகச் செய்யும் வேலை இதுதான். ஒலிப்பதிவுக் கூடத்தில் மெருகேற்றிய பதிவைக் கேட்டுவிட்டு ஆளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். போட்டி மேடையிலோ முதன்மைக் குரல் நேரடியாகவே ஒலிக்க வேண்டும். இசைக்கருவிகள் பதிவிலிருந்து வரும். 2021 முதல் பின்னணிக் குரல்களையும் பதிவிலிருந்து ஒலிக்கவிடலாம். ஆனால் பல்லவியின் உச்சத்தில் அந்த ஒற்றைக் குரல் பிசகினால் அதை மூடி மறைக்க எதுவும் இல்லை.

பாடல் மூன்று நிமிடத்தைத் தாண்டக் கூடாது, மேடையில் ஆறு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பவை எல்லோருக்கும் தெரிந்த விதிகள். பலரும் கணக்கிடாதது, அந்த மூன்று நிமிடத்தை எத்தனை முறை பாட வேண்டும் என்பதுதான். போட்டி நகரத்துக்குச் சென்றதும் தனி ஒத்திகைகள். அவற்றில் பாடலை மீண்டும் மீண்டும் பாட வேண்டும். பிறகு அரையிறுதிக்கு முந்தைய நாள் பிற்பகல் முழு ஒத்திகை, அன்று மாலை பார்வையாளர் முன் இன்னொன்று, அரையிறுதி நாள் பிற்பகல் மற்றொன்று, இரவு நேரலை. இறுதிக்குத் தகுதி பெற்றால் இதே நான்கும் மறுபடியும். இடையில் பேட்டிகள், விருந்துகள், குளிரூட்டிய அரங்கம், தூக்கமில்லாத இரவுகள்.

இவற்றில் ஒன்றைச் சிவப்பு மையால் அடிக்கோடிட்டு வைக்க வேண்டும்: நடுவர்கள் சனிக்கிழமை நேரலையைப் பார்த்து மதிப்பெண் இடுவதில்லை, இறுதிச் சுற்றுக்கு முந்தைய நாளான வெள்ளி மாலை ஒத்திகையைப் பார்த்தே இடுகிறார்கள். மொத்தப் புள்ளிகளில் பாதி, உலகம் பார்க்காத ஒரு மாலையில் முடிவாகிவிடுகிறது. “நேரலை என்றால் தானாக உற்சாகம் வந்துவிடும்” என்று சொல்லும் பாடகர்கள் உண்டு. அவர்களை அனுப்பக் கூடாது.

சோதனையை இதற்கேற்ப அமைக்கலாம். கலைஞரை ஒரு நாள் முழுவதும் வரச் சொல்லுங்கள். காலை பத்து மணிக்கு, குரல் முழுமையாகத் திறவாத நேரத்தில், ஒரு முறை. பிற்பகலில் மேடையில் அவர் செய்யப்போகும் அசைவுகளோடு, ஒலிவாங்கி வழியே வரும் தன் குரலும் தாளமும் மட்டுமே கேட்கும் கருவியைக் காதில் மாட்டிக்கொண்டு, இரண்டு முறை. இடையில் ஒரு மணி நேரம் அந்நியர் ஒருவரோடு பேட்டி. இரவு ஒன்பது மணிக்கு இன்னொரு முறை. நான்கையும் பதிவு செய்துகொண்டு, எது எப்போது பாடியது என்று சொல்லாமல், அந்த அறையில் இல்லாத ஒருவரிடம் கொடுத்துக் கேட்கச் சொல்லுங்கள். நான்கில் ஒன்று மிகப் பிரமாதமாகவும் ஒன்று மோசமாகவும் இருக்கும் பாடகரைவிட, நான்கும் ஒரே தரத்தில் இருக்கும் பாடகர் பாதுகாப்பானவர். இரண்டாவது சரணத்தின் முடிவில் மூச்சு எங்கே எடுக்கிறார் என்பதைக் கவனியுங்கள். நான்கு பதிவிலும் வெவ்வேறு இடத்தில் மூச்சு எடுத்தால், பாட்டு இன்னும் அவர் உடம்பில் ஏறவில்லை.

கேமராவையும் மறக்கக் கூடாது. அரங்கில் ஆயிரக்கணக்கானோர் இருந்தாலும் வாக்களிப்பவர் வீட்டில் இருக்கிறார். சிவப்பு விளக்கு எரியும் கேமராவைத் தேடிக் கண்டுபிடித்து, அதன் கண்ணாடிக்கு அப்பால் ஒரே ஒரு மனிதர் இருப்பதுபோல் பாடத் தெரிய வேண்டும். இது சிலருக்கு இயல்பாக வரும், சிலருக்கு இரண்டு வாரப் பயிற்சியில் வரும், சிலருக்கு வரவே வராது. சோதனை நாளில் அறையின் மூன்று மூலைகளில் மூன்று கைபேசிகளை நிறுத்தி, எந்த வரியில் எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்துப் பாடச் சொன்னாலே ஓரளவு தெரிந்துவிடும்.

வினோத வேடம் பூண்டு வருபவரைப் பார்த்ததும் தள்ளிவிட வேண்டாம். 2006இல் பின்லாந்தின் லோர்டி குழு அரக்க முகமூடிகளோடு வந்து 292 புள்ளிகளுடன் வென்றது. முகமூடிக்குப் பின்னால் இருந்தது தன் இசையைத் தீவிரமாக எடுத்துக்கொண்ட ஒரு ராக் குழு. அதுவரை ஏழு முறை வென்றிருந்த அயர்லாந்து 2008இல் ஒரு வான்கோழிப் பொம்மையை அனுப்பியது. அது போட்டியையே கேலி செய்தது, அரையிறுதியிலேயே வெளியேறியது. தன்னைக் கேலி செய்துகொள்பவரைப் பார்வையாளர் ரசிப்பார்கள். தாங்கள் நேரம் ஒதுக்கிப் பார்க்கும் நிகழ்ச்சியைக் கேலி செய்பவருக்கு அவர்கள் காசு செலவழிக்க மாட்டார்கள்.

விசாரணையும் ஒப்பந்தமும்

விதிப்படியான தகுதிகள் குறைவு. போட்டி நாளில் வயது 16 நிரம்பியிருக்க வேண்டும். ஒரே ஆண்டில் இரு நாடுகளுக்குப் பாட முடியாது. குடியுரிமை பற்றி ஒன்றியம் எதுவும் கேட்பதில்லை. செலின் டியோன் கனடாக்காரர். டாமி இம் கொரியாவில் பிறந்தவர். உங்கள் நாட்டிலேயே பிறந்தவர்தான் வேண்டும் என்றால் அது உங்கள் விதி, அதை அறிவிப்பிலேயே எழுதிவிடுங்கள்.

விதியில் இல்லாத விசாரணைதான் முக்கியம். அதை அறிவிப்புக்கு முன்பே செய்ய வேண்டும். ஜெர்மனியின் ஒளிபரப்பு நிறுவனம் 2015 நவம்பரில் சேவியர் நைடூவை நேரடியாக அறிவித்தது. அவருடைய பழைய பாடல் வரிகளும் பேச்சுகளும் மறுபடி கிளறப்பட்டுக் கண்டனம் எழுந்ததும் இரண்டே நாளில் அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. உக்ரைனில் 2022 பிப்ரவரியில் தேர்வுப் போட்டியை வென்ற அலினா பாஷ், ரஷ்யா கைப்பற்றியிருந்த கிரீமியாவுக்கு முன்பு சென்ற பயணம் குறித்த சர்ச்சையில் சில நாள்களில் விலகினார். இரண்டாமிடம் பெற்றிருந்த கலுஷ் ஆர்கெஸ்ட்ரா அவருக்குப் பதிலாகச் சென்று, மே 14 அன்று துரின் நகரில் 631 புள்ளிகளுடன் வென்றது. எப்போதும் இப்படி நல்லபடியாக முடிவதில்லை. அதே நாட்டில் 2019இல் வென்ற மரூவ், ரஷ்யாவில் நிகழ்ச்சி நடத்தக் கூடாது என்பது உள்ளிட்ட ஒப்பந்த நிபந்தனைகளை ஏற்க மறுத்தார். இரண்டாம், மூன்றாம் இடத்தவர்களும் மறுத்தார்கள். அந்த ஆண்டு உக்ரைன் போட்டியிலேயே கலந்துகொள்ளவில்லை.

எனவே ஒப்பந்தத்தை வெற்றி மேடைக்குப் பின் நீட்டாதீர்கள். விண்ணப்பத்தோடு அனுப்பி, கையெழுத்திட்டவர்களை மட்டும் பட்டியலில் சேருங்கள். பாடலின் உரிமை யாருக்கு, மேடைச் செலவு யார் பொறுப்பு, போட்டிக்கு முன் எத்தனை நாடுகளுக்குச் செல்ல வேண்டும், எந்த மாதங்களில் வேறு நிகழ்ச்சிகளை ஒப்புக்கொள்ளக் கூடாது, விலகினால் என்ன நடக்கும் என்ற அனைத்தும் அதில் இருக்க வேண்டும். செப்டம்பர் 1க்கு முன் அந்தப் பாடலை எங்காவது ஒரு மேடையில் பாடியிருக்கிறாரா, அதன் காணொளி இணையத்தில் கிடக்கிறதா என்பதையும் எழுத்து மூலம் கேட்டுவிடுங்கள்.

அதோடு, கலைஞருக்கு உண்மையிலேயே போக விருப்பமா என்று தனியே உட்காரவைத்துக் கேட்க வேண்டும். ஜெர்மனியின் 2015 தேர்வுப் போட்டியில் ஆண்ட்ரியாஸ் க்யூமெர்ட் மக்கள் வாக்கில் அபாரமாக வென்றார். வெற்றி அறிவிக்கப்பட்ட அதே மேடையில், நேரலையிலேயே, தான் இதற்குத் தகுந்த மனநிலையில் இல்லை என்று சொல்லி, இரண்டாமிடத்திலிருந்த ஆன் சோஃபியிடம் வாய்ப்பைக் கொடுத்துவிட்டார். தான் வெல்லவில்லை என்று நாடே பார்த்திருக்க, அந்த இளம் பெண் வியன்னாவுக்குப் போய் ஒரு புள்ளியும் இல்லாமல் திரும்பினார். இத்தாலியில் இதற்கு முறை இருக்கிறது: சான்ரெமோ வெற்றியாளருக்கு முதலில் கேட்கும் உரிமை, மறுத்தால் வேறொருவர். 2025இல் வென்ற பாடகர் ஒல்லி (Olly) மறுத்ததும் இரண்டாமிடத்து லூச்சோ கோர்சி பாசெலுக்குச் சென்று ஐந்தாமிடம் பெற்றார். யாருக்கும் முகம் சுளிக்கத் தேவை ஏற்படவில்லை. மறுப்பதற்கான கதவைக் கண்ணியமாகத் திறந்துவைத்தால் அதன் வழியே வெளியேறுபவர்களும் கண்ணியமாகவே வெளியேறுகிறார்கள்.

தேர்வு முடிந்ததும் இரண்டாவது பெயரையும் அதே கூட்டத்தில், அதே கையெழுத்துகளோடு பதிவு செய்துகொள்ளுங்கள். அந்த நபருக்கும் தகவல் சொல்லி, மார்ச் வரை நாள்களை ஒதுக்கிவைக்கச் சொல்லுங்கள். பாட்டை முழுமையாக அறிந்த இன்னொருவரையும் குழுவில் சேர்த்து அழைத்துச் செல்லுங்கள். 2017இல் சல்வடோர் சோப்ரால் உடல்நலக் குறைவால் தொடக்க ஒத்திகைகளுக்குக் கீவ் நகரத்துக்கு வர முடியவில்லை. அவருடைய இடத்தில் நின்று, அவருடைய ஒளியில், அவருடைய கேமராக்களுக்கு முன் அந்தப் பாட்டைப் பாடி எல்லாவற்றையும் சரிபார்த்து வைத்தவர் அக்கா லூயிசா. தம்பி வந்து சேர்ந்தபோது, எங்கே நிற்க வேண்டும் என்பதை மட்டும்தான் காட்ட வேண்டியிருந்தது.